மாட்டாமல் விட்ட வளையம்

எனக்கு வாய் நீளம். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் பெருமையாகச் சிரித்துக்கொள்வேன். எண்பதுகளில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு சின்ன ரயில் நிலையத்தில் நான் ஸ்டேஷன் மாஸ்டர். அடுத்த நிலையத்து ஸ்டேஷன் மாஸ்டர் என் நண்பன், விழுப்புரத்துக்காரன். எங்கள் இருவர் மேஜையிலும் ஒரு போன் உண்டு. வண்டியை அனுப்பலாமா என்று கேட்கவும், அனுப்பு என்று சொல்லவும் மட்டுமே அது. நாங்களோ அதில் ஊர்க்கதை எல்லாம் பேசினோம்.

அவனுக்கு என் தங்கையைக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்றே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அப்பாதான் ஜாதகம், குலம் என்று இழுத்தடித்தார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம். ஒரு லைனில் வண்டி நின்றால், அந்த லைனுக்குள் இன்னொரு வண்டியை விடக் கைகாட்டி இறக்கும் லீவரின் தலையில் ஓர் இரும்பு வளையத்தை மாட்டிவிட வேண்டும். காலர் என்போம். அது இருந்தால் லீவரைப் பிடித்து இழுக்க முடியாது. மனுஷன் புத்தி எங்கே மேயப் போனாலும் இரும்பு அங்கேயே இருக்கும், அதற்குத்தான். நான் சில நாள் சோம்பலில் விட்டதுண்டு. அவன் விட்டதே இல்லை.

அன்று அமாவாசைக்கு மறுநாள், மதியம். மேல்மலையனூர் போய்த் திரும்புகிற கூட்டம் பாசஞ்சர் வண்டியில் பிதுங்கியது. அதற்கு வழிவிட, முன்னால் போன கூட்ஸ் வண்டி அவன் நிலையத்தில் ஒதுங்கி நின்றது. நான் போன் போட்டுக் கேட்டேன்.

“கூட்ஸ் வந்துடுச்சு. பாசஞ்சரை அனுப்பு,” என்றான்.

அத்தோடு வைத்துத் தொலைத்திருக்கலாம். எங்கே!

“டேய், அப்பா சரின்னுட்டாருடா! வெள்ளிக்கிழமை பூ வைக்க உங்க வீட்ல வரச் சொல்றாரு.”

“நெசமாவா?” அவன் குரலே மாறிவிட்டது. பிறகு, “இரு மச்சான், காலரு கையிலயே இருக்குது. மாட்டிட்டு ஜல்தியா வர்றேன்,” என்றான்.

“அட, அது எங்க ஓடிடப் போவுது? மாப்ள ஆவப்போற, இன்னும் காலரு கீலருன்னுக்கினு! நின்னு கேளுடா.”

அவன் நின்றான். மேஜைமேல் இரும்பை வைத்த சத்தம் போனில் எனக்குக் கேட்டது. என்ன கலர் புடவை, எத்தனை முழம் பூ, தங்கைக்கு வெல்லம் போட்ட மல்லாட்டை உருண்டை, அதான் கடலை உருண்டை, பிடிக்கும் மறந்துடாதே என்று நான் பாட்டுக்கு அளந்துகொண்டே போனேன். நடுவில் பாசஞ்சர் என் நிலையத்தைக் கடந்தது. ஒரு கையில் போனும் ஒரு கையில் பச்சைக்கொடியுமாக அனுப்பினேன்.

“ஐயோ, வண்டி வந்துடும், வைக்கிறேன்,” என்று அவன் ஓடினான். ஓடிய அவசரத்தில், சற்று முன் கூட்ஸுக்கு இழுத்த அதே லீவரைக் கை இழுத்துவிட்டது. தடுக்க வேண்டிய காலர் மேஜைமேல் கிடந்தது. கூட்ஸ் நின்ற லைனிலேயே பாசஞ்சரும் நுழைந்தது.

கூட்ஸின் வால் கண்ணில் பட்டதும் பாசஞ்சர் டிரைவர் பிரேக் போட்டார். இடிக்காமல் நின்றது, தெய்வ புண்ணியம். உள்ளே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிலருக்கு மண்டை உடைந்தது, ஒரு அம்மாவுக்குக் கை முறிந்தது. யாரும் சாகவில்லை. அதை நினைத்துத்தான் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்குகிறது.

விசாரணையில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். “லைன் கேட்டதைத் தவிர போன்ல வேற ஏதாச்சும் பேசினீங்களா?” என்று அதிகாரி முதலில் என்னைக் கேட்டார்.

“இல்லீங்க சார்,” என்றேன். யோசிக்கவே இல்லை, பாவி நான்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை, மச்சானைப் பார்க்கிற பார்வைதான். “இல்லீங்க சார். நான்தான் மறந்துட்டேன்,” என்றான். அவன் வேலை போயிற்று.

வெள்ளிக்கிழமை யாரும் பூ வைக்க வரவில்லை. அதற்கு முன்பே அப்பா ஆள் அனுப்பி நிறுத்திவிட்டார். “அத்தனை உசுரோட வெளையாடினவனுக்கு எம் பொண்ணக் குடுப்பனா?” என்று வீடு அதிரக் கத்தினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் நீளமாம், வாய்!

அப்பா வெளியே போனதும் தங்கை சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“ஏண்ணா, உனக்குத்தான் அவரை நல்லாத் தெரியும். அவ்ளோ பொறுப்பில்லாத ஆளாண்ணா அவரு?”

சொல்லியிருக்கலாம். அங்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம்.

“ஆமாம்மா,” என்றேன்.

சல்லடை கொஞ்சம் நின்றது. “சரிண்ணா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு மீதி மாவைச் சலித்தாள்.