யாருக்கும் தெரியாத நோன்பு

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை எனக்கு. தாம்பரம் ஸ்டேஷனில் காலி பெஞ்ச் இருந்தும் பிளாட்பாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறேன். காரணம்? இரண்டு துண்டு ஆட்டுக்கறி!

இது தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. இந்த வருஷம் கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார்: "நோன்பு உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவுல. வெளியில தம்பட்டம் அடிக்காதீங்க."

அட, சரிதானே என்று பிடித்துக்கொண்டேன். ஆபீஸில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு...

ஞாயிறன்று படப்பையில் விருந்து. எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் ஏழுமலையின் சின்ன மகளுக்குக் காது குத்து. அவர் வீடு ஊருக்குள் இல்லை. ஊரைத் தாண்டி, காலனியில். பந்தியில் பிரியாணி மட்டும்தான். ஏழுமலையின் அம்மா என் இலைக்கு வந்தார்.

"வேணாம்மா, வயிறு சரியில்லை. மோர் மட்டும் போதும்."

அந்த அம்மா நீட்டிய கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மகனைப் பார்த்துச் சொன்னார்: "வுடு ஏழுமல. பெரியவளுக்குக் காது குத்த சொல்லோ வந்த ஆபீசரும் மோரைத்தான் குட்சிட்டுப் போனாரு."

ஏழுமலை லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜாதி பார்த்து அந்த வீட்டுச் சாப்பாட்டை ஒதுக்குகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்!

உண்மையைச் சொல்லலாமா? வயிறு என்று சொன்ன வாயால் இப்போது நோன்பு என்றால், அதுவும் ஒரு சாக்காகத்தானே கேட்கும்? பதறிப்போனேன்.

"போடுங்கம்மா. பசிக்குது."

"வயிறு இன்னா ஆச்சு?"

"அதெல்லாம் சரியாயிடுச்சு."

இரண்டு துண்டோடு வைத்தார். சாப்பிட்டேன். ருசியா? கேட்காதீர்கள்... நன்றாகத்தான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோ தம்பி" என்று அவர் பக்கத்திலேயே நின்றார். முகம் மலர்ந்திருந்தது. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து குடைச்சல். அவர்கள் மனசு நோகக் கூடாதென்று சாப்பிட்டேனா, என் நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் சாப்பிட்டேனா? தவக்காலத்தில் நாக்கு ருசிப்பதைத்தான் நிறுத்துகிறோம். அது கூசாமல் பொய் சொல்வதை?

சனிக்கிழமை ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும். கறி தின்றதைவிட அந்த வயிற்று வலிப் பொய்தான் உறுத்துகிறது. ஏழுமலையிடமே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை அவர் மேஜை வரை போனேன். ஏதோ பேப்பர் கேட்க வந்த மாதிரி நடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை அவர் வாரம் தவறாமல் படிப்பவர். ஆக, ஃபாதருக்கு முன்னால் அவரிடம் சொல்லியாயிற்று!