காமாலை வார்டில் நான் பிள்ளை சுமந்தபோது

வெள்ளைக்கார அரசு காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்களோடு சண்டை போட்ட அவசர காலத்தில், கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாதென்று, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து எங்களை ஒரே முள்கம்பி வேலிக்குள் குடிவைத்திருந்தார்கள்.

அதன்பிறகுதான் காமாலை வந்தது. முதல் மாதம் ஒருவர் இருவர். அடுத்த மாதம் ஒரு பக்கக் கட்டில் முழுக்க. அதற்கடுத்த மாதம் தரையில் பாய் விரித்தோம். காலையில் எல்லோர் கண்ணையும் பார்த்து, புதிதாக யாருக்கு மஞ்சள் ஏறியிருக்கிறது என்று மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரிடம் சொல்வது என் வேலை.

அப்போது நான் ஏழு மாதம். என்னைப் போலவே பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வாந்தியோடு வந்து படுத்தாள். திடீரென்று நினைவு தடுமாறி, புருஷனையே "நீ யாரு?" என்று கேட்டாள். மறுநாள் வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். ஆம்பிளைகள் இளைத்துக் கறுத்தாலும் தேறி வீட்டுக்குப் போனார்கள்.

"நாளையிலேருந்து நீ வராதேம்மா," என்றார் டிரெஸ்ஸர்.

"வீட்டுல இருந்தாலும் வேலிக்குள்ள வெட்டின அந்தப் புதுக் கிணத்துத் தண்ணிதானேய்யா?"

"அதான் எனக்கும் பயம். அவசரத்துல கக்கூஸுக்குப் பக்கத்துலயே வெட்டிட்டாங்க. படுத்திருக்கிறவங்க எல்லாம் வேலிக்குள்ள இருக்கிறவங்கதான். வெளிய வேற தண்ணி குடிக்கிற, கணக்கெழுதுற கிராணி வீட்டுல ஒருத்தருக்கும் இல்ல."

நாங்கள் முன்பு குடித்த பழைய கிணறு வேலிக்கு வெளியே காட்டோரம் இருந்தது. அந்தப் பக்கம் ஆள் நடமாடினால் பட்டாளத்தார் சுடுவார்கள். டிரெஸ்ஸர் தோட்டத்துத் துரையிடம் பலமுறை போய்ப் பேசி அனுமதி வாங்கினார். துப்பாக்கிக் காவலர்கள் முன்னும் பின்னும் வர, பெண்கள் வாளியோடு போனோம். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டாலே காவலர்கள் துப்பாக்கியைத் தூக்குவார்கள். நாங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவோம். வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொள்வேன்.

அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தும் காமாலைக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். "என்னய்யா, இன்னும் நிக்கலையே?" என்று அழுதுவிட்டேன்.

"இவங்க முன்னாடியே அந்தத் தண்ணியக் குடிச்சவங்கம்மா. உள்ள போன நோய் வெளிய தெரிய வாரக்கணக்குல ஆகும். பொறுத்துக்கலாம் லா."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கே நிச்சயமில்லை என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கே வேலியைத் தாண்டிப் போக பாஸ் வாங்கி, தம்பின் டவுனில் இருந்த அக்கா வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். லாரியில் போகும்போதும் பயம் விடவில்லை. எனக்குள்ளும் அது வெளியே தெரியாமல் இருக்குமோ?

ஆண் பிள்ளை பிறந்தான். எனக்கும் ஒன்றும் வரவில்லை. கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது காமாலை நின்றுபோயிருந்தது; காமாலைக்காரர்கள் கிடந்த கட்டில்களில் மலேரியாக் காய்ச்சல்காரர்கள் போர்த்திப் படுத்திருந்தார்கள்.