மைத்துனன் கடையில் ஊற்றிய பினாயில்

துறையின் பெயர் உணவுப் பாதுகாப்பு. அதில் கடைநிலை ஊழியரான அவருடைய வேலை உணவை அழிப்பது. பிடிபட்ட கலப்படச் சரக்கின் தலையில் பினாயிலை ஊற்ற வேண்டும். சும்மா குழியில் போட்டு மூடினால், அது எழுந்து வேறு கடைக்குப் போய்விடும். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'பினாயில்'தான். எதற்கும் அவசரப்படாத மனிதர். அதிகாரி இரண்டு தரம் சொன்னால்தான் எழுந்திருப்பார்.

அவர் மனைவியின் தம்பி டீத்தூள் வியாபாரி. டீக்கடைகள் கொட்டிய சக்கையை வாங்கி, காயவைத்து, சாயமேற்றி, அதே டீக்கடைகளுக்கு விற்றான். வாடிக்கையாளர்களைக் கைவிடாத வியாபாரம். ஒருநாள் சோதனைக்கு ஜீப் வந்து நின்றது. பின்சீட்டில் கேனோடு அக்கா புருஷன்.

அதிகாரி வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். மைத்துனன் இவரை உள்ளே இழுத்தான்.

"மாமா, சாம்பிள் எடுக்கறதுக்குள்ள ஊத்திடுங்க. பினாயில் கலந்துட்டா லேப்ல என்னத்தக் கண்டுபிடிப்பான்? கேஸ் நிக்காது. லைசென்ஸாவது தப்பிக்கும்."

"என் வேலைக்கு உலை வைக்கிறியேடா."

"உங்க வேலையே ஊத்தறதுதானே? கொஞ்சம் சீக்கிரமா ஊத்துங்கன்றேன். அப்புறம் அக்காவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. ஒரு மூட்டை விடாமல் ஊற்றினார்.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"பரவாயில்லையே, சொல்லாமலே முடிச்சிட்டே! சாம்பிள் போன வாரமே நம்மாளு ஒருத்தன் கஸ்டமர் மாதிரி வந்து வாங்கிட்டான். ரிப்போர்ட் கையில இருக்கு. சொந்த மச்சான் கடைன்னுகூடப் பாக்கலையேய்யா நீ!"

கடைக்குச் சீல் விழுந்தது, லைசென்ஸ் ரத்தானது. வாழ்நாளில் அவர் செய்த ஒரே முறைகேடு அவருக்கு நேர்மையாளர் என்ற பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. பாராட்டுக் கூட்டத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தன்னடக்கம் என்று கைதட்டிவிட்டார்கள்.

மைத்துனன் வீட்டுக்கு வந்து குதித்தான். "ஊத்தச் சொன்னேன், சரி. அத்தனை மூட்டையிலயுமா? ரெண்டை விட்டிருந்தா என் பொழப்பு ஓடியிருக்கும்."

அடுக்களையிலிருந்து அக்கா சொன்னாள்: "நீ சொன்னதையாவது கேட்டாரேன்னு சந்தோஷப்படு. நான் சொல்லி இந்த வீட்ல என்ன நடந்திருக்கு?"

கோபம் தணிந்ததும் விஷயத்துக்கு வந்தான். அக்கா பெயரில் புது லைசென்ஸ் எடுக்க வேண்டும். யாராவது சிபாரிசு செய்ய வேண்டும்.

"இப்ப உங்க கையெழுத்துன்னா ஆபீஸ்ல மறுபேச்சே கிடையாதாம் மாமா."

"யோசிக்கணும்டா" என்றார்.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பதில் தெரியும் வரை மைத்துனனுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் இங்கேதான்.