ஈரம் காயாத பெயிண்ட்

எங்கள் காலேஜ் நினைவுத்தூணில் இருக்கும் பெயர்களையெல்லாம் செதுக்கியது நான்தான். சும்மா சொன்னேன். எனக்கு எழுதப் படிக்கவே தெரியாது. மதத்துக்காகக் கொல்லப்பட்டவர்களின் பெயர்களாம். வருஷத்துக்கு ஒருமுறை அந்த எழுத்துக் குழிகளில் கறுப்புப் பெயிண்ட் நிரப்புவது என் வேலை. பள்ளிக்கூடத்தைப் பார்த்தாலே ஓடியவனுக்குக் காலேஜில் வேலை!

இன்று டப்பாவைத் திறந்ததும் வந்த வாடை, தோல் பதனிடும் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்துக்கு என்னை இழுத்துப்போனது. எனக்கு எட்டு வயது. ஊரில் கலவரம். எதிர்வீட்டு ரஹீம் பாய் அப்பாவோடு ஷெட்டில் வேலை பார்ப்பவர். அவர் வாசலுக்கு மேலே பச்சையில் 786 என்று எழுதியிருக்கும்.

"ரெண்டு நாளைக்கு அத்த மறைச்சிடலாம் பாய்," அப்பா கெஞ்சினார்.

"இன்னாத்துக்குப்பா? அல்லா பாத்துக்குவான்."

"புள்ளைங்களுக்காகவாச்சும் பாய்."

பாய் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். பெரிய பெயிண்டர் மாதிரி நான்தான் அடித்தேன். பாதி அவர் தாடியில் சொட்டியது.

"டேய், என்னையும் சேத்து மறைச்சிட்டியேடா!" என்று சிரித்தார்.

மத்தியானம் கும்பல் வந்தது. சந்தில் எல்லா வாசலும் பழசு. ஒன்றில் மட்டும் ஈரப் பெயிண்ட். அங்கேதான் நின்றார்கள். பேர் கேட்டார்கள். வேறு பேர் சொல்லியிருக்கலாம். பாய் தன் பேரையே சொன்னார். அப்புறம்...

"யோவ் மணி! விருந்தாளிங்க வர்றாங்க, பெயிண்ட் காஞ்சிடுச்சா?" வாட்ச்மேன் கத்துகிறார்.

"இல்லண்ணே," என்றேன். "இன்னும் காயல."