ஓரத்துக் கட்டம்

மெத்தை விரிப்பு வாங்கப் போனால் அகிலா பூவேலையைப் பார்ப்பதில்லை. நான்கு மூலைத் தையலையும் இழுத்துப் பார்ப்பார். அபுதாபிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் கோவில்பட்டிப் பேச்சு மாறவில்லை. “நடுவுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும், ஓரத்தப் பாருங்க” என்பார். கணவருக்கும் கடைக்காரருக்கும் அது பழகிவிட்டது.

மென்பொருள் எழுதுவது அகிலாவின் வேலை. அபுதாபிக்கு மேற்கே ருவைஸில் ஓர் ஆலையில் வாயு கசிந்தால் அது எந்தப் பக்கம் பரவும் என்று காட்டும் நிரலை அவர் அலுவலகம் செய்துகொண்டிருந்தது. திரையில் ஆலை வளாகம் சதுரங்கப் பலகைபோல் கட்டம் கட்டமாகத் தெரியும். கணினிக்குள்ளோ பலகை கிடையாது. வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, கட்டங்களுக்கு வரிசையாக எண் போட்டு, ஒரே நீளச் சரமாக வைத்திருப்பார்கள். வேலை வேகமாக நடக்கும். ஆனால் ஒரு வரிசை எங்கே முடிகிறது என்பதை நிரல் எழுதுகிறவர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்படைக்கும் நாளில், வளாகத்தின் நடுவே கசிவு ஏற்பட்டதாக வைத்து ஆலை அதிகாரிகளுக்கு ஓட்டிக் காட்டினார்கள். வாயுவைக் காட்டும் சிவப்பு ஒழுங்காகப் பரவியது. எல்லோரும் எழுந்துகொள்ளும்போது அகிலா கசிவைக் கிழக்கு ஓரத்துக் கடைசிக் கட்டத்துக்கு மாற்றினார். உடனே மேற்கு ஓரத்தில், ஒரு வரிசை கீழே, ஒரு கட்டம் சிவந்தது. அங்கேதான் தொழிலாளர்களின் சாப்பாட்டுக் கூடம். பத்திரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை இந்த நிரலை நம்பி ஒலிக்கும் அபாயச் சங்கு வெளியே விரட்டும். அவர்கள் ஓட வேண்டிய வாசலோ கிழக்கே, நிஜமான கசிவின் பக்கம்.

வலது பக்கத்துக் கட்டம் வேண்டுமானால் கட்டத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டு என்று நிரலில் ஒரு வரி இருந்தது. ஓரத்தில் ஒன்றைக் கூட்டினால் அடுத்த வரிசையின் முதல் கட்டமல்லவா வரும்!

மேலாளர் சேதுமாதவனின் முகம் கறுத்தது. இதை யார் எழுதியது என்று அதிகாரிகள் காதுபடவே கேட்டார். பல வருடத்துக்கு முன் அந்த வரியை எழுதியவர் அவரேதான், மறந்துபோயிருந்தார். அகிலாவுக்கு அது தெரியும். அவர் பக்கம் திரும்பினார்.

“நாமதான் சார் எழுதுனோம். இன்னைக்குக் குடுக்க வேண்டாம்.”

பிறகு அகிலாவே அதிகாரிகளிடம் எதையும் மறைக்காமல் பிழையை விளக்கி, ஒரு வாரம் அவகாசம் கேட்டார். எரிச்சலோடுதான் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை சேதுமாதவன் அகிலாவின் மேசையருகே வந்து நின்றார். பழைய நிரலைத் திறந்து பார்த்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“நேத்தே தெரியுமாம்மா உங்களுக்கு?”

அகிலா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த வரியைத் திரையில் வைத்து, விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.