மாலையில் எஞ்சிய தூள்

நாட்காட்டி அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அமாவாசையும் கார்த்திகையும் உரிய கட்டத்தில் நிற்கின்றனவா, இராகு காலம் இடம் பிசகியிருக்கிறதா, ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறதா என்று பார்த்தே முப்பது ஆண்டுகள் கழிந்தன. ஏவூர்திக்கான வேலை ஒன்று கெட்டதில் எனக்கும் பங்குண்டு என்றால் என்னை அறிந்தோர் நகைப்பர். ஆயினும் பங்குண்டு.

அச்சகத்தின் இளைய முதலாளி பொறியியல் பயின்று ஊர் திரும்பியவர். தாள் அச்சிட்டது போதும், இனி உலோகம் அச்சிடுவோம் என்று தந்தையாரிடம் சொல்லி, அச்சகத்தின் பின்புறம் ஒரு கூடம் எழுப்பி, குளிர்பதனப் பெட்டியை ஒத்த ஓர் இயந்திரத்தை அதில் நிறுத்தினார். உலோகத் தூளை மயிரிழையினும் மெல்லிய படலமாக அது பரப்பும்; வேண்டிய கோட்டில் மட்டும் ஒளிக்கற்றையால் உருக்கும்; அதன்மேல் அடுத்த படலத்தைப் பரப்பும். இப்படியே ஆயிரக்கணக்கான படலங்கள். ஏவூர்தி செய்யும் நிறுவனம் ஒன்று எங்களைத் தேடி வந்ததும் இதன் பொருட்டே. எரிபொருள் எரியும் அறையின் சுவருக்குள் நுண்ணிய வாய்க்கால்கள் ஓட வேண்டும். முன்னர் அதனைப் பற்பல துண்டுகளாகக் கடைந்து பற்றவைக்க மாதக்கணக்கில் ஆகுமாம். எங்கள் இயந்திரம் நான்கே நாளில், ஒரே துண்டாக, வாய்க்கால்களோடு வளர்த்துக் கொடுத்துவிடும். குடத்தின் கழுத்தளவே உள்ள அந்த எரியறைகள் இரண்டை அவர்கள் கேட்டிருந்தார்கள்.

கூடத்தில் தூளைக் கையாள ஆனைக்குட்டத்திலிருந்து ஓர் அம்மையார் வந்து சேர்ந்தார். பட்டாசு ஆலையில் பதினெட்டு ஆண்டுகள் குழாய்களில் வெடிமருந்து செலுத்தியவர்; எங்கள் ஊரில் அதனை மருந்து என்றே சொல்வோம். உருவாகி முடிந்த உறுப்பு, உருகாத தூளுக்குள் புதையுண்டு கிடக்கும். வாய்க்கால்களுக்குள்ளும் தூள் அடைத்திருக்கும். பொறியியல் படித்த பிள்ளைகள் தட்டினால் தூள் புகைபோல் எழுந்தது. அம்மையார் தூரிகையால் தள்ளி, விரல் முட்டியால் மெல்லத் தட்டினால், நீர் வடிவதுபோல் அது தானே இறங்கியது. காரியாபட்டியிலிருந்து வந்திருந்த இளம் பொறியாளர் அதனை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

ஆங்கிலத்தில் இருந்த பாதுகாப்பு விதிகளைத் தமிழில் எழுதித் தரும்படி முதலாளி என்னைப் பணித்தார். ஒரு வாரம் முயன்று எழுதினேன். பணியாளர்களை அமரவைத்து நானே வாசித்தேன். பின்வரிசையில் இரண்டு பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்கியிருந்தார்கள். ஒருவன் அடுத்தவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அண்ணாச்சி பேசுனா கேலண்டர்ல தேதி கிழிச்ச மாதிரியே இருக்குலே. தினம் ஒரு பொன்மொழி."

எனக்குச் சினம் மூண்டது. தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்: "இத்தூளை மருந்தெனக் கருதுக. மருந்துக்கு என்ன செய்வீர்களோ, அதையே இதற்கும் செய்க."

கூடம் அடங்கிற்று. அம்மையார் திரும்பி அவ்விருவரையும் பார்த்தார். "கேட்டுக்கிட்டீகளாலே? மொதல்ல அந்தப் போன வெளிய வச்சிட்டு வாங்க."

பொறியாளர் மட்டும் தயங்கினார். "அண்ணாச்சி, இது நிக்கல் தூளு. மூச்சுல போகக் கூடாது, பறக்க விடக் கூடாது. மத்தபடி பட்டாசு மருந்து மாதிரி அம்புட்டு ஆபத்து இல்ல."

"அச்சம் இருக்கட்டும் தம்பி. அதனால் கேடொன்றும் வாராது" என்றேன். உண்மையில், 'இத்தூளை மருந்தெனக் கருதுக' என்ற வாக்கியம் எனக்குப் பிடித்துப்போயிற்று. மூன்றே சொற்கள், ஒன்றையும் எடுக்க முடியாது. பலகையின் தலைப்பில் அதனைப் பெரிய எழுத்தில் வரைவித்து, பதினான்கு விதிகளை அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் அமைத்தேன். உருகாமல் எஞ்சிய தூளைச் சலித்து, மூடி, மறுமுறைக்கு வைக்க வேண்டும் என்பது பதினொன்றாம் விதி.

ஆவணி மாதம் முதல் எரியறை முடிந்தது. முதலாளியும் பொறியாளரும் அதனைத் துணியில் சுற்றிக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு, வெப்பப் பதப்படுத்தலுக்காக மதுரைக்குக் காரில் புறப்பட்டார்கள். எஞ்சிய தூளை மறுநாள் சலித்து இரண்டாவதற்கு ஏற்றுவதாகத் திட்டம். புறப்படும் அவசரத்தில் அதனை எவரிடமும் அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாலை ஐந்து மணிக்கு ஆனைக்குட்டம் அணைப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. அச்சகத்துச் சன்னல் வழியே பார்த்தேன். அம்மையார் கலங்களைத் தூக்கிவந்து, கூடத்துக்கு வெளியே இருந்த நீர்த்தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கழுவிய நீர் போலும் என்று எண்ணினேன்.

"மள வருது அண்ணாச்சி. சோலிய முடிச்சிட்டேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"நன்று" என்றேன்.

மறுநாள் காலையில் பொறியாளர் கூடத்தைத் திறந்தபோது, கலங்கள் இரண்டும் துப்புரவாகக் கழுவப்பட்டு, துணி விரித்து, வாய் கீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"அக்கா, தூள் எங்க?"

"நேத்தே தொட்டில கொட்டிட்டேன் தம்பி. ஒரு பொட்டு வைக்கல. போய்ப் பாருங்க." பாராட்டை எதிர்பார்ப்பவரின் குரல் அது.

பொறியாளர் வாசற்படியில் அமர்ந்துவிட்டார். இரண்டு எரியறைகளும் ஒரே தொகுதித் தூளில் ஆகியிருக்க வேண்டும் என்பது ஏவூர்தி நிறுவனத்தாரின் நிபந்தனை. அத்தூள் வெளிநாட்டிலிருந்து வருவது. உருகி உறுப்பாவது சிறுபகுதி. உருகாமல் எஞ்சுவதே பெரும்பகுதி. அதனைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால்தான் இவ்வேலை மலிவாக முடிகிறது. இதையெல்லாம் அவர் விளக்கியபோது, அம்மையார் நின்றபடியே கேட்டார்.

"வடிகட்டிக் காய வச்சா ஆகாதா தம்பி?"

"ஆகாதுக்கா. சேறு கலந்திருச்சு. ராக்கெட்டுல போற பொருள்."

முதலாளி வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். அடியில் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. அம்மையாரைப் பார்க்காமல் பொறியாளரிடம் சொன்னார்: "அவங்க நாளையிலருந்து பைண்டிங்குல இருக்கட்டும்."

அம்மையார் மேலங்கியைக் கழற்றி நான்காக மடித்தார். "பைண்டிங்குல ஆள் மிச்சம்னு போன மாசந்தான ரெண்டு பேர நிறுத்துனீக முதலாளி. எனக்காக இன்னொருத்திய நிறுத்த வேண்டாம். நான் கம்பெனிக்கே போறேன். சீசன், ஆள் கேட்டுக்கிட்டே இருக்காக."

கம்பெனி என்றால் இங்கே பட்டாசு ஆலைதான். மடித்த அங்கியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் வெளியேறினார்.

நான் பின்தொடர்ந்தேன். வாசலுக்கு எதிரே வேப்பமர நிழலில் நின்றார். அழவில்லை.

"விதியைப் படிக்கவில்லையா நீங்கள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"படிச்சேனே. மருந்தா நெனைன்னு எளுதியிருந்துச்சு. மருந்த மிச்சம் வைக்கலாமா? அன்னன்னைக்கே தண்ணில கொட்டிறணும். அதுக்குக் கீள இருந்ததெல்லாம் பொடி எளுத்து. எனக்கு எதுக்கு அண்ணாச்சி? மருந்த என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதா?"

அவரே தொடர்ந்தார். "எங்க கம்பெனில, பக்கத்து ரூம்புல, ஆர்டர் அவசரம்னு மிச்சத்த மூடி வச்சிட்டுப் போனாக. ராத்திரி மள. ஓட்டுல ஒழுக்கு இருந்திருக்கு. கொஞ்சமா ஈரம் பட்டா மருந்து உள்ளுக்குள்ளயே சூடேறிரும். காலையில கதவத் தொறந்தவ எங்க மதினி." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "அதுலருந்து மிச்சம் வச்ச ரூம்புக்குள்ள நான் மறுநாள் கால் வச்சதில்ல. இங்க சேந்தப்ப எம் மக, இனி நீ காலையில போனா சாயங்காலம் வந்திருவேல்லன்னு கேட்டா. வந்திருவேன்னேன். இப்ப அவகிட்ட என்ன சொல்லன்னுதான் ரோசன."

நான் திரும்பி நடந்தேன். பிறர் பிழையைச் சுட்டுவதற்கு முப்பதாண்டுப் பழக்கம் உண்டு. என் பிழையைச் சொல்ல அத்தகைய பழக்கம் இல்லை. முதலாளியின் அறை வாசலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன்.

"முதலாளி, அந்தப் பலகையை எழுதியவன் நான்."

"தெரியும் அண்ணாச்சி. பதினொண்ணாவதுல சலிச்சு வைக்கணும்னு சரியாத்தான எழுதியிருக்கீக."

"முதல் வரியைப் படித்தவருக்குப் பதினொன்றாம் வரி தேவைப்படவில்லை. மருந்து என்று சொல்லிவிட்டேன். மருந்தின் மிச்சத்தை என்ன செய்வது என்பது இவ்வூரில் எவரும் அறிந்தது. பொறியாளர் அன்றே தடுத்தார். வரி நன்றாக அமைந்துவிட்டதே என்று நான் கேட்கவில்லை. நேற்று அம்மையார் கொட்டியதையும் கண்டேன், நன்று என்றேன். அவர் விதியை மீறவில்லை. நான் எழுதியபடியே செய்தார்."

முதலாளி மேசையில் கிடந்த சிறு உலோகத் துண்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"இங்கிருந்து போனால் அவர் எந்த அறைக்குள் போவார் என்று உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

அவர் கைப்பேசியை எடுத்து, ஏவூர்தி நிறுவனத்தாரை என் முன்னாலேயே அழைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். மறுமுனையில் நெடுநேரம் கேள்விகள். புதிய தொகுதி வரட்டும். அதில் சோதனைத் துண்டுகளும் சேர்த்து வளர்த்து வலிமையை மெய்ப்பித்தால் இரண்டாவதை ஏற்கலாம் என்று முடிந்தது. பேசி முடித்ததும் கைப்பேசியை மேசையில் வைத்தார்.

"மூணு வாரம் போச்சு. சீக்கிரம் முடிப்போம்னுதான் நம்மகிட்டயே வந்தாங்க." பின் சன்னலைப் பார்த்தார். "போய் அவங்கள நிறுத்துங்க அண்ணாச்சி. பஸ் வந்திரப் போகுது."

நான் ஓடினேன். நிறுத்தத்தை ஒட்டிய தேநீர்க் கடையின் பலகையில் அமர்ந்து, அம்மையார் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து உண்டுகொண்டிருந்தார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

"கொண்டாந்த சோத்த வீணாக்குவானேன்னு தின்னுக்கிட்டு இருக்கேன். ஒரு வா சாப்பிடுறீகளா?"

"முதலாளி இருக்கச் சொல்கிறார். அதே வேலை."

"நீங்க என்ன சொன்னீக?"

"பிழை என்னுடையது என்றேன்."

அவர் கவளத்தை விழுங்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரு தப்பையெல்லாம் முப்பது வருசமாத் திருத்துனவரு. ஒண்ணு பண்ணிட்டுப் போங்க, குத்தமில்ல." அவர் உண்டு முடிக்கும்வரை பலகையின் மறுமுனையில் அமர்ந்திருந்தேன். ஆனைக்குட்டத்துப் பேருந்து வந்து நின்று, போயிற்று.

பலகையைக் கழற்றினேன். இம்முறை மேசையிலிருந்து எழுதவில்லை. நாள் முழுதும் கூடத்துக்குள் இருந்த தூளறையில் நின்று, ஒவ்வொரு செயலையும் அவர் செய்து காட்டச் சொல்லி, செய்த வரிசையிலேயே எழுதினேன். சில வாக்கியங்கள் எனக்கு இன்றும் உவப்பில்லை. "மிச்சத்தைக் கொட்டக் கூடாது, இது மருந்து இல்லை" என்பதே இப்போதைய முதல் வரி. பெரிய எழுத்தில் இருக்கிறது.

முதல் எரியறையை எங்கோ ஒரு பொட்டலில் கட்டிவைத்து எரித்துப் பார்த்த காணொளி வந்தது. எல்லோரும் கைப்பேசியைச் சூழ்ந்து நின்றோம். கூரிய நீலத் தீ, அசையாமல், நெடுநேரம் நின்று அணைந்தது. அம்மையார் திரும்ப ஒருமுறை ஓடவிடச் சொன்னார்.

"எம்புட்டு நேரம் எரியுது. கடைசில டமார்னு ஒண்ணும் இல்ல?"

"டமார்னா நம்ம சோலி முடிஞ்சிதுக்கா" என்றார் பொறியாளர்.

புதிய தூள் வந்து, இரண்டாவது எரியறையும் முடிந்தது. அன்று மாலை மிச்சத் தூளைக் கலங்களில் இட்டு, மூடியைத் திருகி, காற்றுக்கு மாற்றாக ஆர்கான் வாயுவை உள்ளே செலுத்தி, அறையைப் பூட்டினோம். சாவியை அம்மையாரே வைத்துக்கொண்டார். இரவு மழை பெய்தது. எனக்கும் உறக்கம் பிடிக்கவில்லை.

காலையில் வழக்கத்துக்கு முன்னரே அச்சகத்துக்குச் சென்றேன். அவர் அங்கே இருந்தார். கூடத்துக் கதவு திறந்திருந்தது. தூளறையின் கதவு திறக்கப்படவில்லை. வாசற்சுவரில், உடலின் மின்னூட்டத்தை மண்ணுக்கு இறக்கும் செப்புத் தகடு ஒன்று பதித்திருக்கிறது. ஒரு கணம் தொட்டால் போதும். அவர் உள்ளங்கை முழுவதையும் அதன்மேல் பதித்தபடி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று நான் கேட்கவில்லை.

"கலத்துல எறும்புகூட ஏறாதுன்னு தம்பி நேத்து நூறு தடவ சொல்லியாச்சு" என்றார். "புத்திக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல."

"இன்று வேறு எவரையேனும் சலிக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். அவனுக தட்டுனா ஊரெல்லாம் பறக்கும்." சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "நீங்க மொதல்ல போங்க அண்ணாச்சி. எளுதுனவரு நீங்கதான்."

தகட்டைத் தொட்டேன். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினேன். உலோக மணம் லேசாக வந்தது. சன்னல் ஒளியில் கலங்கள் இரண்டும் வைத்தது வைத்தபடி நின்றன. அறையின் நடுவுக்குச் சென்று, அவற்றின் அருகே, வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சற்று நேரத்தில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது.

"தள்ளி நில்லுங்க" என்றார், கலத்தின் மூடியைத் திறந்து சல்லடையை எடுத்துக்கொண்டே. "உங்க மூச்சு தூள்ல படுது."