வகுப்பு கிடைக்காத ஊர்

அமுதவல்லி புதுக்கோட்டையில் ஒரு டிரஸ்டுக்கு சர்வே எடுக்கிறவள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று டிரஸ்ட் வகுப்பு நடத்தும். அந்த வகுப்பால் பிள்ளைகள் நிஜமாகவே மாறுகிறார்களா என்று அளந்து சொல்வது இவள் வேலை. அளப்பதற்கு வகுப்பு நடக்கிற ஊர் ஒன்றும், நடக்காத ஊர் ஒன்றும் வேண்டுமாம். குலுக்கிப் போட்டார்கள். விராலிமலைப் பக்கத்து ஊருக்கு வகுப்பு விழுந்தது. ஆலங்குடிப் பக்கத்து ஊருக்கு வெறும் கேள்விகள் மட்டும். நல்ல குலுக்கல், போங்கள்!

"ஆலங்குடிப் பக்கம் போயி படிப்பப் பத்தி ஒரு வார்த்த வாய விட்றாதீங்கம்மா. அளவே கெட்டுப்போயிரும்" என்று சூப்பர்வைசர் ஆனந்தராஜ் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிளஸ் டூ முடித்து மார்க் ஷீட் வாங்க வந்த செவந்தி என்ற பெண்ணிடம் ஆலங்குடிப் பக்கத்துப் பள்ளியில் கேள்விகளைக் கேட்டு முடித்தாள். கிளம்பும்போது அந்தப் பெண் விடவில்லை.

"அக்கா, கவர்மென்ட் காலேஜ்ல நர்சிங் சேர எங்கக்கா அப்ளிகேஷன் போடணும்? கடைசித் தேதி எப்ப?"

கடைசித் தேதிக்கு எட்டு நாள் இருந்தது. அந்த விவரமெல்லாம் அச்சடித்த நோட்டீஸ் இவள் கைப்பையிலேயே கிடந்தது. முந்தின நாள்தான் விராலிமலைப் பக்கத்து வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"தெரியலையேம்மா" என்றாள்.

வேலை போய்விடுமே என்ற பயம், வேறென்ன! செவந்தி வீட்டு நம்பர் டேப்லெட்டில் இருந்தது. அந்த எட்டு நாளும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கூப்பிடவில்லை.

இப்போது அதே பிள்ளைகளிடம் மறு சர்வே. செவந்தி முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகையில் இருந்தாள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்து உரிந்திருந்தன. டேப்லெட் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னால், துப்பட்டாவில் துடைத்துத் துடைத்துத் தேய்க்கிறாள், கோடு விழமாட்டேன் என்கிறது.

கடைசிக் கேள்வி வந்தது. "மேல படிக்காம வேலைக்குப் போற இந்த முடிவ நீ எடுக்க யாரும்மா காரணம்? அப்பா அம்மாவா, டீச்சரா, கூட்டாளிகளா, வேற யாராச்சுமா?"

"ஒங்களத்தான்க்கா சொல்லணும்" என்று செவந்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. "அன்னிக்கு ஒங்ககிட்ட கேட்டேன்ல. இம்புட்டுப் படிச்ச ஒங்களுக்கே தெரியலன்னா, அதெல்லாம் நம்மளுக்கு இல்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பாவும் வேலைக்குப் போன்னாரு. விட்டுட்டேன்."

அமுதவல்லிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "எனக்குத் தெரியும்மா. அந்த நோட்டீஸ் அன்னிக்கு என் பையிலதான் இருந்துச்சு. ஒங்க ஊருக்குச் சொல்லக்கூடாதுன்னு ஆபீஸ்ல உத்தரவு."

செவந்தியின் சிரிப்பு நின்றுபோனது. இவள் கைப்பையைப் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள். எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டாள்.

பதில் போடாமல் டேப்லெட் அடுத்த பக்கத்துக்குப் போகாது. 'வேறு யாராவது' என்பதை அழுத்தினாள். பெயரைக் கேட்டது.

அமுதவல்லி என்று எழுதினாள்.